ஒலிவக் கனியும் எண்ணெயும்: மத்தியதரைக் கடல் நாடுகளின் மரபுவழி எண்ணெய் எடுப்பு

முன்னுரை

'எண்ணெய்' என்னும் சொல் எள், நெய் என்னும் இரு சொற்களின் புணர்ச்சி என்பதை இடைநிலைப்பள்ளி மாணவரும் அறிவர். எள்ளிலிருந்து பெறும் நெய்யைக் குறித்த சொல் காலப்போக்கில் பொருள் விரிந்து, வித்திலிருந்தும் கனியிலிருந்தும் பெறப்படும் நெய்ப்பொருள் அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று. தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் என எள்ளோடு தொடர்பே இல்லாத பொருள்களின் பெயர்களிலும் எள் இவ்வாறு ஒளிந்து நிற்கிறது.

இதற்கு இணையான ஒரு வளர்ச்சி மேலைமொழிகளிலும் நிகழ்ந்துள்ளது. கிரேக்கத்தில் 'எலாயா' என்பது ஒலிவ மரத்தைக் குறிக்கும். 'எலாயோன்' என்பது அதன் நெய். இலத்தீன் மொழி இதனை 'ஓலெயும்' என ஏற்றுக்கொண்டது. ஆங்கிலத்தின் 'ஆயில்' அதன் வழிவந்த சொல்லே. எனவே எள்ளெண்ணெயை ஆங்கிலத்தில் 'செசமி ஆயில்' என்னும்போது எள்ளுக்கு ஒலிவத்தின் பெயரைச் சூட்டுகிறோம். தமிழில் 'ஒலிவ எண்ணெய்' என்னும்போது ஒலிவத்திற்கு எள்ளின் பெயரைச் சூட்டுகிறோம். செமித்திய மொழிகள் சிலவற்றில் மரத்திற்கும் நெய்க்கும் ஒரே வேர்ச்சொல் வழங்குகிறது. அரபியில் 'சைத்தூன்' ஒலிவத்தையும் 'சைத்' எண்ணெயையும் குறிக்கும். அரபியரின் ஆட்சிக்குட்பட்டிருந்த ஸ்பெயினில் எண்ணெயின் பெயரே 'அசெய்தே' என்றாயிற்று. மலாய்மொழியில் நாள்தோறும் நம் செவியில் விழும் 'மின்யாக் சைத்தூன்' என்பதும் இவ்வழி வந்ததே. தமிழ் விவிலியம் 'ஒலிவம்' என்றும், தமிழ் இசுலாமிய வழக்கு 'சைத்தூன்' என்றும் குறிக்க, அண்மைக்கால எழுத்துகள் சிலவற்றில் 'இடலை' என்ற சொல்லும் காணப்படுகிறது. இக்கட்டுரை விவிலிய வழக்கை மேற்கொள்கிறது.

சொல் வரலாற்றில் எள்ளும் ஒலிவமும் இவ்வளவு நெருங்கி நிற்பினும், எண்ணெய் எடுக்கும் முறையில் அவை பெரிதும் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டை விளக்குவதும், ஒலிவ எண்ணெய் எடுப்பில் 'மரபு' எனப்படுவது உண்மையில் எதைக் குறிக்கிறது எனக் காண்பதும், அம்மரபைச் சுமந்து நிற்கும் தொன்மரங்களின் இன்றைய நிலையை எடுத்துரைப்பதும் நம் நோக்கமாகும். நம் வகுப்பறைகளில் இம்மரமும் இதன் எண்ணெயும் பெரும்பாலும் சமயநூல் வாயிலாகவோ, கடைகளில் விற்கும் புட்டிகளின் வாயிலாகவோதான் அறிமுகமாகின்றன. இரண்டிற்கும் இடையே நிற்கும் தொழிலைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது குறைவு.

கனியின் இயல்பு

எள் உலர்ந்த வித்து. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். நீர் மிகக் குறைவு. ஆகவே எள்ளை மாதக்கணக்கில் சேமித்து வைத்து, வேண்டும்போது செக்கிலிட்டு ஆட்டலாம். செக்கின் உரலில் உலக்கை சுழல, அரைத்தலும் பிழிதலும் ஒரே கலத்தில் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. இறுதியில் எண்ணெயும் பிண்ணாக்கும் பிரிந்துவிடுகின்றன.

ஒலிவத்தில் எண்ணெய் கொட்டைக்குள் இல்லை. பெரும்பகுதி கனியின் சதைப்பற்றில் உள்ளது. அச்சதையில் பாதிக்கு மேல் நீர். எண்ணெயின் அளவு மரவகைக்கும் பருவத்திற்கும் ஏற்பக் கனியின் எடையில் 15 முதல் 25 விழுக்காடு வரை இருக்கும். ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சராசரியாக 5 கிலோ கனி தேவைப்படும். இவ்வெண்ணெய் நுண்துளிகளாகச் சதையின் உயிரணுக்களுக்குள் அடைபட்டுள்ளது. அதனோடு கடுங்கசப்புடைய 'ஒலியுரோப்பின்' என்னும் பொருளும் கலந்திருப்பதால், மரத்திலிருந்து பறித்த ஒலிவக் கனியை எவரும் வாயில் வைக்க இயலாது.

மலேசிய வாசகருக்கு இதனை விளக்கச் செம்பனையைக் காட்டினால் போதும். செம்பனை எண்ணெயும் கனியின் சதைப்பற்றிலிருந்தே வருகிறது. குலை வெட்டப்பட்டுக் கனி அடிபட்டவுடன் சதையிலுள்ள நொதிகள் எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பமிலங்களை விடுவிக்கத் தொடங்கும். வெட்டிய குலைகளை விரைந்து ஆலைக்கு ஏற்றுவதும், ஆலையில் முதற்செயலாக நீராவியில் வேகவைப்பதும் இதன்பொருட்டே. ஒலிவத்திலும் அதே சிதைவு நிகழ்கிறது. ஆனால் ஒலிவ எண்ணெயின் மதிப்பு அதன் மணத்திலும் சுவையிலும் தங்கியுள்ளமையால் அதனை நீராவியில் வேகவைக்க இயலாது. எஞ்சியிருக்கும் ஒரே வழி விரைவு. பறித்த கனியை அன்றோ மறுநாளோ அரைத்தாக வேண்டும். இதனை மனத்திற் கொண்டால், கீழே விவரிக்கப்படும் கருவிகள் ஒவ்வொன்றும் ஏன் அவ்வாறு அமைந்தன என்பது தெளிவாகும்.

உரோமானியரான காட்டோ, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய நூலில் இதனை வற்புறுத்துகிறார். பறித்த கனியைத் தளத்தில் குவித்து வைத்தால் எண்ணெய் பெருகும் என்பது அக்காலத் தொழிலாளரிடை நிலவிய நம்பிக்கை. அதனை நம்பவேண்டாம் என்கிறார் அவர். குவியலில் கனி வாடி நீரை இழக்கும்போது, எஞ்சும் எடையில் எண்ணெயின் விழுக்காடு கூடியதுபோல் தோன்றும். உண்மையில் கனி புளித்துக்கொண்டிருக்கும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் உரோமானிய நிலக்கிழார் தம் பணியாளரோடு நடத்திய இவ்வழக்கு இருபதாம் நூற்றாண்டுவரை மத்தியதரைச் சிற்றூர்களில் தீராதிருந்தது. குவியலில் புளித்த கனியின் நாற்றத்திற்கு எண்ணெய்ச் சுவைஞரிடையே இன்றும் தனிப்பெயர் உண்டு.

அரைத்தல், பிசைதல், பிழிதல்

செக்கில் ஒன்றாக நிகழும் செயல்கள் ஒலிவ ஆலையில் தனித்தனியே பிரிக்கப்பட்டுள்ளன. முதலில் கனியைக் கொட்டையோடு நசுக்கிக் கூழாக்குவர். உரோமானியர் இதற்கு இரு கருவிகளைக் கையாண்டனர். ஒன்று 'டிராபேட்டம்'. பெரிய கல்தொட்டி ஒன்றின் நடுவே கல்தூண் நிற்க, அதன் இருபுறமும் ஒருபக்கம் தட்டையாகவும் மறுபக்கம் குவிந்தும் அமைந்த இரு கற்கள் தொட்டியின் சுவரை ஒட்டிச் சுழலும். மற்றொன்று 'மோலா'. வட்டமான கல்மேடையின்மேல் உருளைக்கல் சுற்றிவரும் அமைப்பு இது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய கொலுமெல்லா மோலாவையே சிறந்ததெனக் கருதினார். கல்லின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க இயலும் என்பதால் கொட்டை உடையாமல் சதையை மட்டும் நசுக்கலாம் என்பது அவர் கருத்து. கொட்டை உடைந்தால் எண்ணெயின் சுவை கெடும் என உரோமானியர் நம்பினர். இன்றைய ஆலைகள் கொட்டையையும் சேர்த்தே அரைக்கின்றன. உடைந்த கொட்டைத்துகள் கூழினூடே எண்ணெய் வடியும் வழிகளை உண்டாக்கித் தருகிறது.

டிராபேட்டம் எத்துணைப் பெரிய முதலீடு என்பதற்குக் காட்டோவின் கணக்கே சான்று. சுவெஸ்ஸாவில் வாங்கிக் கொண்டுவந்து பொருத்த 629 செஸ்டெர்ஸ், பொம்பேயில் வாங்கினால் 724 செஸ்டெர்ஸ் என அவர் வண்டிக்கூலி உட்பட எழுதிவைத்துள்ளார். பொம்பேயில் கல்லின் விலை குறைவு. ஆனால் வழித்தொலைவு அம்மலிவை விழுங்கிவிடுகிறது. வரலாற்று மாணவருக்கு இப்பத்தி பல அரசியல் நிகழ்வுகளைக் காட்டிலும் அக்கால வாழ்வை நெருங்கிக் காட்டும் என்பது நம் எண்ணம்.

அரைத்த கூழை உடனே பிழிந்தால் எண்ணெய் குறைவாகவே வரும். துளிகள் மிகச் சிறியனவாக நீரோடு கலந்து நிற்பதே காரணம். கூழை மெல்ல மெல்லப் பிசையப் பிசைய, துளியோடு துளி சேர்ந்து பெருந்துளியாகும். பழைய முறையில் கல் மேலும் சிறிது நேரம் சுற்றுவதாலேயே இது நிகழ்ந்தது. இன்றைய ஆலையில் தனிப் பிசைகலம் உண்டு. அரைமணி நேரம் அளவில் கூழ் அதில் சுழலும். எண்ணெய் எடுப்பின் நுட்பம் பெரிதும் இக்கட்டத்தில்தான் உள்ளது. நேரமும் வெப்பமும் கூடினால் எண்ணெயின் அளவு மிகும், மணம் குறையும். அளவா, தரமா என ஆலைக்காரர் தெரிவு செய்வது இவ்விடத்தில்தான்.

அடுத்தது பிழிதல். கூழை வட்டமான நார்ப்பாய்களின்மேல் விரல் கன அளவில் பரப்பி, பாய்மேல் பாயாக அடுக்குவர். அவ்வடுக்கை அழுத்தும்போது திண்மம் பாய்களுக்கிடையே தங்க, நீரும் எண்ணெயும் விளிம்பு வழியே வழியும். அழுத்தும் பொறியே காலந்தோறும் மாறிவந்தது. தொடக்கத்தில் நீண்ட மரநெம்பின் ஒருமுனையைச் சுவரிற் செருகி, மறுமுனையில் கற்களைத் தொங்கவிட்டனர். இன்றைய இசுரேலிலுள்ள பண்டைய எக்ரோன் நகரின் அகழாய்வில், கி.மு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த இத்தகைய எண்ணெய்க் கூடங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை இனங்காணப்பட்டன. அக்காலத்தில் அறியப்பட்ட மிகப்பெரிய எண்ணெய்த் தொழில்நகரம் அதுவே. 'கெத்செமனே' என்னும் இடப்பெயருக்கே எண்ணெய் பிழியும் இடம் என்பதுதான் பொருள். கி.பி. முதல் நூற்றாண்டில் திருகுமரம் வந்தது. 1795இல் பிரித்தானியரான ஜோசஃப் பிராமா நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்த பொறிகள் பின்னர் எண்ணெய் ஆலைகளுக்குள் நுழைந்தன. இத்தனை மாற்றத்திற்கிடையிலும் கூழ் பரப்பும் பாய் மட்டும் மாறவில்லை.

அப்பாய்களைப் பற்றி ஒரு செய்தி. நெடுங்காலம் உள்ளூர்ப் புல்வகைகளால் முடையப்பட்ட அவை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல இடங்களில் தென்னைநாருக்கு மாறின. தென்பிரான்சின் நியோன் நகரில் 1882இல் தொடங்கப்பட்ட பாய்ப்பட்டறை ஒன்று இந்தியத் தென்னைநாரைக் கொண்டு இவற்றை நெய்தது. 1956 பிப்ரவரியில் வீசிய கடுங்குளிர் தென்பிரான்சின் ஒலிவத் தோப்புகளை அழித்தபோது, பாய்க்குத் தேவை அற்றுப்போய், அப்பட்டறை தரைவிரிப்பு நெய்யத் தொடங்கியது.

பாயிலிருந்து வழியும் நீர்மத்தைத் தொட்டியில் தேக்கினால் எண்ணெய் மேலே மிதக்கும். அதனைத் தட்டையான அகப்பையால் வழித்தெடுப்பர். அடியில் தங்கும் கருநிறக் கசப்புநீரை உரோமானியர் 'அமுர்கா' என்றனர். களத்துமேட்டை மெழுகவும், தானியக் குதிரைப் பூசவும், ஆட்டின் சொறிநோய்க்குத் தடவவும் காட்டோ அதனைப் பரிந்துரைக்கிறார். இன்று அது ஆற்றில் கலக்கக்கூடாத ஆலைக்கழிவு. எஞ்சும் சக்கை நம் பிண்ணாக்கைப் போன்றதாயினும், கொட்டைத்துகள் மிகுந்திருப்பதால் பெரிதும் எரிபொருளாகவே பயன்பட்டது.

நிலத்தடி ஆலைகள்

மரபுவழி ஆலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக இத்தாலியின் தென்கோடியிலுள்ள சலெந்தோ தீபகற்பத்தைக் குறிப்பிடலாம். பூலியா மாநிலத்தின் ஒருபகுதியான இங்கு, சுண்ணப்பாறையைக் குடைந்து நிலத்தடியில் ஆலைகளை அமைத்தனர். ஒலிவ எண்ணெய் குளிரில் உறையும் இயல்புடையது. வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கினால் தடித்துப் பாயில் ஒட்டிக்கொள்ளும். பிழியவும் பிரிக்கவும் இயலாது. அறுவடையோ குளிர்காலத்தில் வருகிறது. நிலத்தடிக் குகையில் விளக்குகளின் வெம்மையும், கல்லைச் சுற்றும் கழுதைகளின் வெம்மையும், குவித்த கனியிலிருந்து எழும் வெம்மையும் சேர்ந்து எண்ணெயை இளகிய நிலையில் வைத்திருந்தன. தெருமட்டத்திலுள்ள துளைகள் வழியே கனியை நேரே கீழறைக்குள் கொட்டினர்.

உழைப்பின் கடுமையைச் சுட்டாமல் இவ்வமைப்பின் நுட்பத்தை மட்டும் வியப்பது நேர்மையாகாது. அறுவடை தொடங்கும் இலையுதிர்காலம் முதல் இளவேனில்வரை தொழிலாளர் அக்குகைகளிலேயே உண்டு உறங்கினர். கண்கட்டிய விலங்குகளும் உடனிருந்தன. தலைவனை 'நாக்கிரோ' என்றனர். இது கப்பல் தலைவனைக் குறிக்கும் 'நௌக்கிலேரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் திரிபு. பணியாளர் கூட்டத்திற்கும் மாலுமிக் கூட்டத்தின் பெயரே வழங்கியது. கடல்தொழில் செய்தோர் பலர் குளிர்காலத்தில் ஆலைக்குள் இறங்கியமையால் இச்சொற்களும் அவர்களோடு இறங்கின என்பர். கிரேக்கர் குடியேறிய மண்ணில், நிலத்தடியில், கடலின் சொற்கள் வழங்கியது மொழியியலாரின் கவனத்திற்குரியது.

இங்கு எடுத்த எண்ணெய் கல்லிப்போலித் துறைமுகத்திற்குச் சென்றது. (முதல் உலகப்போரில் பெயர்பெற்ற துருக்கியின் கல்லிப்போலி வேறு.) பாறையில் வெட்டிய தொட்டிகளில் தெளியவைக்கப்பட்டுக் கப்பலேறிய அவ்வெண்ணெய், பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இலண்டன் உள்ளிட்ட வட ஐரோப்பிய நகரங்களை அடைந்தது. அங்கு அது உணவாகவில்லை. விளக்குகளில் எரிந்தது, சவர்க்காரமாகியது, கம்பளி ஆலைகளில் நூலுக்கு நெய்ப்பூட்டியது. சலெந்தோவில் கனியை மரத்திலிருந்து பறிக்கவில்லை. முற்றித் தானே உதிர்ந்ததைத் தரையிலிருந்து பெண்கள் பொறுக்கினர். வாரக்கணக்கில் குவிந்து கிடந்து புளித்த பின்னரே அது கல்லுக்குச் சென்றது. அமிலம் மிகுந்த அவ்வெண்ணெய் நாவுக்கு ஒவ்வாது; ஆனால் சுடருக்கு ஏற்றது. ஐரோப்பியச் சட்டத்தில் உண்ணத் தகாத ஒலிவ எண்ணெயின் பெயர் இன்றும் 'லாம்பாந்தே', அதாவது விளக்குக்குரியது.

பூலியாவின் முறுக்குண்ட பெருமரங்களைப் படத்தில் காண்போர், அவை தொன்றுதொட்டு உயர்தர உணவெண்ணெய் தந்தவை எனக் கருதுவது இயல்பு. சலெந்தோவின் பரந்த ஒலிவக்காடு பெரும்பாலும் விளக்கு வணிகத்தின் விளைவே. அவ்வணிகம் முடிந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். வாயுவிளக்கும், அதன்பின் மண்ணெண்ணெயும், மின்விளக்கும் ஒலிவச் சுடரை அணைத்தன. இவ்விடத்தில் சொற்களின் விளையாட்டு ஒன்றைச் சுட்டலாம். 'பெட்ரோலியம்' என்றால் பாறையின் ஒலிவ நெய். 'மண்ணெண்ணெய்' என்றால் மண்ணின் எள்நெய். ஒலிவ விளக்கை வீழ்த்திய பொருள் ஒலிவத்தின் பெயரையே தாங்கி வந்தது. தமிழகத்திலும் ஈழத்திலும் நல்லெண்ணெய், இலுப்பையெண்ணெய் விளக்குகளின் இடத்தைப் பிடித்தபோது எள்ளின் பெயரைத் தாங்கியது.

கடல்வழித் தொடர்பு எனில், அது தமிழ்க் கரையையும் தொட்டதுண்டு. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்த சாடித்துண்டுகளை ஆராய்ந்த எலிசபெத் லிடிங் வில், அவற்றுள் பெரும்பான்மை மது கொணர்ந்தவை என்றும், அத்ரியாத்திக் கடற்கரையின் இஸ்திரியாவிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வந்த ஒலிவ எண்ணெய்ச் சாடிகளும் உள்ளன என்றும் காட்டினார். எண்ணெய்ச் சாடிகளின் தொகை சிறிது. எள்ளெண்ணெய் மலிந்த நாட்டில் இதனை விரும்பி வாங்கியோர் அங்குத் தங்கிய மேலை வணிகராக இருந்திருத்தல் கூடும். சங்க இலக்கியத்தின் யவனர் மது பற்றி வகுப்பறையில் பேசும்போது இச்சாடிகளையும் சேர்த்துரைக்கலாம்.

'மரபு' என்னும் முத்திரை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்லும் பாயும் இருந்த இடத்தில் உலோக அரைப்பானும் மையவிலக்குப் பொறியும் அமர்ந்தன. கூழைப் பெருவேகத்தில் சுழற்றும்போது அடர்த்தி வேறுபாட்டால் திண்மமும் நீரும் எண்ணெயும் தாமே பிரிகின்றன. பாய் தேவையில்லை, காற்றுப்படுதலும் குறைவு.

இம்மாற்றத்தால் எண்ணெய் தரம் தாழ்ந்தது என்ற கருத்து பரவலாக உள்ளது. நாம் அதனை ஏற்கவில்லை. நார்ப்பாயை முற்றத் தூய்மை செய்தல் அரிது. நேற்றைய கூழின் எச்சம் அதில் புளித்து இன்றைய எண்ணெயைக் கெடுக்கும். திறந்த கல்மேடையில் காற்றுப்பட்டு மணப்பொருள்கள் சிதையும். மிகத் தூய வகைக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ள வரம்பு நூறு கிராமில் 0.8 கிராம் கட்டற்ற அமிலம், அதோடு சுவைக்குழு குறையேதும் காணாமை. சலெந்தோவின் பழைய நிலத்தடி எண்ணெய் இச்சோதனையை எட்டியும் பார்த்திராது.

'குளிர்முறையில் முதற்பிழிவு' என்னும் சொற்றொடரும் இவ்வகையில் விளக்கம் வேண்டுவது. பழைய ஆலைகளில் முதற்பிழிவுக்குப் பின் சக்கையைக் கிளறி, வெந்நீர் ஊற்றி, மீண்டும் பிழிவர். முதற்பிழிவு என்பது அதனோடு ஒப்பிட எழுந்த பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதிகள் இச்சொற்றொடரை 27 பாகைக்குக் குறைந்த வெப்பத்தில், மரபுவழி நீரழுத்தப் பொறியால் பெற்ற எண்ணெய்க்கே உரியதாக்கின. மையவிலக்கில் எடுத்ததை, அதே வெப்ப வரம்புக்குட்பட்டால், 'குளிர்முறை எடுப்பு' என்றே குறிக்கலாம். தமிழில் இவையனைத்தையும் 'செக்கில் ஆட்டிய எண்ணெய்' என மொழிபெயர்ப்போர் உளர். பிழிதல் வேறு, ஆட்டுதல் வேறு என்பதை மேலே கண்டோம். மொழிபெயர்ப்பு கற்பிப்போர் 'பிழிவு' என்ற சொல்லையே கொள்வது பொருந்தும்.

புத்தெண்ணெயை விழுங்கும்போது தொண்டையில் ஒரு காரம் உறைக்கும். பலர் இதனைக் குறையெனக் கருதுவர். 2005இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு, இக்காரத்திற்குக் காரணமான பொருளுக்கு 'ஓலியோகேந்தால்' எனப் பெயரிட்டு, அது இபுப்ரோஃபென் மருந்தைப்போல் அழற்சியைத் தணிக்கும் இயல்புடையது எனக் காட்டியது. மதுவைப் போலன்றி எண்ணெய் பழகப்பழகக் கெடும் எனப் பிளினி எழுதியதும் இதனோடு இயைகிறது. வைக்க வைக்க அக்காரம் மறையும்.

தொன்மரங்கள்: அகவையும் வாழ்வும்

இரண்டாயிரம், மூவாயிரம் ஆண்டு என ஒலிவ மரங்களுக்கு அகவை கூறுவது வழக்கம். இதனை அளப்பது எளிதன்று. முதிர்ந்த ஒலிவத்தின் உள்மரம் உளுத்துப் பொந்தாகிவிடும். எண்ணுதற்குரிய ஆண்டுவளையங்கள் பழமையான பகுதியிலேயே அழிந்துவிடுகின்றன. வெட்டினாலும் உறைந்தாலும் எரிந்தாலும் வேரடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும் ஆற்றல் இம்மரத்திற்கு உண்டு. எனவே வேரின் அகவை ஒன்றாகவும் நாம் காணும் அடிமரத்தின் அகவை மற்றொன்றாகவும் இருத்தல் கூடும். எருசலேமின் கெத்செமனே தோட்டத்திலுள்ள எட்டு மரங்களில் மூன்றன் அடிமரத்தை இத்தாலிய ஆய்வாளர் கதிரியக்கக் கரிம முறையில் ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவுகள் 1092, 1166, 1198 என்னும் ஆண்டுகளைச் சுட்டின. எட்டும் ஒரே தாய்மரத்தின் வழிவந்தவை என மரபணுவும் காட்டியது. கிறித்து காலத்தவை என்ற நம்பிக்கைக்கு இது முழு மறுப்பும் ஆகாது. ஆய்வு அடிமரத்தைப் பற்றியது, வேரைப் பற்றியதன்று. கிரீட் தீவின் வூவெஸ் மரம் குறைந்தது இரண்டாயிரம் ஆண்டு கண்டது என மதிப்பிடப்படுகிறது. அதுவும் காட்டொலிவ அடியில் நல்வகைக் கிளையை ஒட்டி வளர்க்கப்பட்டது. தொன்மரங்கள் பல இவ்வாறு இரு மரங்களின் கூட்டே.

இம்மரங்களைக் காப்பது அகவை மட்டுமன்று. பெருமரத்தில் ஏறிப் பறிக்க ஆள்கூலி மிகுதி. ஓராண்டு காய்த்தால் மறு ஆண்டு ஓயும். நெருக்கி நட்ட இளமரங்களில் பொறியே அறுவடை செய்கிறது. விலைப்போட்டியில் தொன்மரம் தோற்பதால், செல்வர் தோட்டங்களை அணிசெய்ய அவற்றை வேரோடு பெயர்த்து விற்கும் வணிகம் கிளைத்தது. பூலியா மாநிலம் 2007இல், 130 செ.மீ. உயரத்தில் அடிமரத்தின் விட்டம் ஒரு மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மரங்களைக் காக்கச் சட்டம் இயற்றியது. ஸ்பெயினின் கத்தலோனியா, வலென்சியா, அரகோன் பகுதிகள் சந்திக்கும் சேனியா வட்டாரத்தில், அதே உயரத்தில் 3.5 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரங்களைக் கணக்கெடுத்து, அவற்றின் எண்ணெயைத் தனியே பிழிந்து தனிப்பெயரில் விற்கின்றனர். 2018இல் உலக உணவு வேளாண் நிறுவனம் அவ்வட்டாரத்தை வேளாண் மரபுரிமையாக ஏற்றது. சட்டத்தைக் காட்டிலும் இவ்வழி உறுதியானது என்பது நம் மதிப்பீடு. எண்ணெய் விலைபோகும்வரை எவரும் மரத்தை விற்கமாட்டார்.

பூலியாவின் சட்டம் கோடரியை எதிர்நோக்கியது; வந்ததோ நோய். 2013இல் கல்லிப்போலிக்கு அருகே ஒலிவ மரங்கள் கருகியதற்குக் காரணம் 'சைலெல்லா ஃபாஸ்டிடியோசா' என்னும் நுண்ணுயிரி எனக் கண்டறியப்பட்டது. சாறுண்ணும் சிறு பூச்சியொன்று அதனை மரத்திற்கு மரம் கடத்துகிறது. அது நீர்க்குழாய்களை அடைக்க, மரம் நின்றபடியே காய்கிறது. நோயுற்ற மரத்தையும் சுற்றியுள்ளவற்றையும் வெட்ட வேண்டும் என்றது ஐரோப்பிய ஒன்றியம். முன்னோர் நட்டதை வெட்டவிடோம் என்றனர் உழவர் பலர். 2015இல் லெச்சே நகர அரசு வழக்குரைஞர்கள் மரம் வெட்டுவதைத் தடுத்து, நோயைக் கண்டறிந்த அறிவியலாளரையே விசாரணைக்கு உட்படுத்தினர். 2019இல் அவ்வழக்கு கைவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நோய் வடக்கே பரவிப் பெருமரங்கள் நிறைந்த ஒஸ்தூனிச் சமவெளியின் விளிம்பை எட்டிவிட்டது. பாதிக்கப்பட்ட மரங்கள் இரண்டு கோடிக்கும் மேல் என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு. விளக்கெண்ணெய்க் காலம் முதல் சலெந்தோவை நிறைத்திருந்த ஓலியரோலா, செல்லினா வகைகளே இந்நோய்க்கு மிக எளிதில் இரையாயின.

லெச்சினோ, எஃப்எஸ்-17 எனும் இரு வகைகள் நோயைத் தாங்குவது கண்டறியப்பட்டு, காய்ந்த தோப்புகளில் அவற்றின் நாற்றுகள் நடப்பட்டு வருகின்றன. உழவர் சிலரும் ஆய்வாளரும் வேறொரு வழியையும் முயன்றுவருகின்றனர். இன்னும் உயிருள்ள தொன்மரத்தின் கிளைகளை வெட்டி, அடிமரத்தில் லெச்சினோவின் தளிர்களை ஒட்டுகின்றனர். காட்டொலிவ அடியில் நல்வகையை ஒட்டிய பழைய உத்தியே இது. ஒட்டுப் பிடித்த மரங்கள் மீண்டும் தழைத்துக் காய்க்கின்றன. நோயை அவை எத்துணைக் காலம் தாங்கும் என்பது ஆய்விலுள்ளது. அடிமரம் ஓலியரோலா, கனியும் எண்ணெயும் லெச்சினோ.